மடைக்காவலர் முதல் உணரி வரை: பெங்களூரின் நீரளவு வரலாறு

பெங்களூர் ஆறில்லாத ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முகட்டின்மேல் அது அமைந்திருக்கிறது. முகட்டின் மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது தென்பெண்ணையில் சேர்ந்து தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் நீர் ஊரில் நிற்பதில்லை. அதை நிறுத்தி வைப்பதும், எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்துகொள்வதும் இங்கே தொடக்கம் முதலே பெரிய வேலைகள். நகரின் வடமேற்கில் உள்ள இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இப்போது நீர்த்தொட்டிகளின் மூடிக்கடியில் உணரிகள் இருந்து மட்டத்தைச் சொல்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு முன்னே பல நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது.

1537-இல் சிற்றரசர் கெம்பே கௌடர் கோட்டை கட்டியபோதே இப்பகுதியில் ஏரிகள் இருந்தன. அவரும் அவர் வழிவந்தவர்களும் மேலும் பல ஏரிகளை அமைத்தனர். பள்ளத்தாக்கின் தலையில் ஓர் ஏரி, அது நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கும் கீழே என்று இவை சங்கிலியாக அமைந்தன. ஏரிகளை இணைத்த பெருவாய்க்கால்களை ராஜகாலுவே என்றனர். இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரியின் படுகையில்.

இந்த ஏரிகளின் மதகைத் திறந்து மூடியவர் நீரகண்டி. தமிழ்நாட்டு ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி, மடையர் என்ற பெயர்களில் வழங்கிய அதே பணி இது. மதகுக் கற்களில் எது வரை நனைந்திருக்கிறது என்பதைக் கொண்டு அவர் மட்டத்தைக் கணித்தார். இன்னும் எத்தனை நாளுக்கு நீர் வரும், எந்த வயலுக்கு எப்போது விட வேண்டும், மழை பொய்த்தால் யாருக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணிப்பிலிருந்து வந்த முடிவுகள். அளப்பதும் மதகைத் திறப்பதும் ஒரே ஆளின் கையில் இருந்தன. ஊர் கூடி வகுத்த முறையை வயலில் நிறைவேற்றியவரும் அவரே. கூலியாக அறுவடையில் ஒரு பங்கு தானியமோ மானிய நிலமோ கிடைத்தது. இதை ஒரு பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் பரம்பரையாகச் சுமத்தப்பட்ட வேலை அது. நீரைப் பங்கிட்டவருக்கே அந்த நீர் பாயும் நிலம் இல்லாத ஊர்கள் பல. ஆனாலும் அளப்பவருக்கும் நீருக்கும் இடையே அப்போது தொலைவு இல்லை. பிறகு வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் அந்தத் தொலைவைக் கூட்டியது.

1809-இல் பெங்களூரில் ஆங்கிலேயர்களின் கண்டோன்மென்ட் அமைந்தது. நகரம் இரண்டாகி, நீர் வேண்டுவோர் தொகையும் பெருகியது. 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சத்தில் மைசூர் அரசு தன் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரை இழந்தது. பஞ்சத்துக்குப் பின் 1882-இல் வெட்டப்பட்டது சேங்கி ஏரி. மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சேங்கியின் பெயரைத் தாங்கியது. அது பாசனத்துக்காக அல்லாமல் நகரின் தேவைக்காக உருவான ஏரி. இன்றைய அறிவியல் கழக வளாகத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

அடுத்த படி குழாய். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894-இல், நகரிலிருந்து 18 கிலோமீட்டர் வடமேற்கே அர்க்காவதியின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. சோலதேவனஹள்ளியில் நீராவி எந்திரங்கள் நீரை மேலேற்றின. அடுத்த சில ஆண்டுகளில் வடிகட்டிய குழாய் நீர் நகருக்கு வந்தது. இதோடு நீரைப் பற்றிய அறிவின் இடமும் மாறியது. நகரின் மல்லேஸ்வரம் பகுதியில் குழாயடியில் நிற்பவருக்கு ஹெசரகட்டாவில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்று தெரிய வழியில்லை. ஏரிக்கரையில் அளவுக்கம்பத்தைப் பார்த்து எழுதும் ஒருவர், அந்தக் கணக்கு போய்ச் சேரும் ஓர் அலுவலகம், அங்கிருந்து வரும் உத்தரவு என்று வேலை மூன்றாகப் பிரிந்தது.

இப்பிரிவை எந்திரத்தாலேயே கடந்த ஒரு முயற்சி அக்காலத்தில் நடந்தது. பின்னாளில் மைசூர் திவானான எம். விஸ்வேஸ்வரய்யா, அப்போது பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் இருந்தார். புனே அருகே கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்துக்காகத் தானியங்கி வெள்ளக் கதவுகளை வடிவமைத்து அவற்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1903-இல் அவை பொருத்தப்பட்டன. நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் அந்த ஏற்றத்தின் விசையே கதவைத் திறக்கும். மட்டம் இறங்கியதும் கதவு தானே மூடிக்கொள்ளும். அணையின் உயரத்தைக் கூட்டாமலே கூடுதல் நீரைத் தேக்க முடிந்தது. மின்சாரமும் இல்லை, செய்தி அனுப்புவதும் இல்லை. ஆனாலும் மட்டத்தை உணர்ந்து அதற்கேற்பச் செயல்படும் அமைப்பு என்ற வகையில், இன்றைய தானியங்கி நீர் மேலாண்மையின் முன்னோர்களில் இதற்கு ஓர் உறுதியான இடம் உண்டு.

அறிவியல் கழகம் 1909-இல் நிறுவப்பட்டது. ஜாம்ஷெட்ஜி டாடா முன்வைத்த திட்டத்துக்கு மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் அளித்தது. நகரவாசிகள் இன்றும் அதை டாடா இன்ஸ்டிட்யூட் என்றே அழைக்கிறார்கள். 1911-இல் முதல் மாணவர்கள் வேதியியலும் மின்தொழில்நுட்பமும் படிக்கச் சேர்ந்தனர். நீரோடு இந்தக் கழகத்துக்கு உள்ள தொடர்பு பழையது. 1916-இல் இங்கே பேராசிரியராக வந்த கில்பர்ட் ஃபௌலர், கழிவுநீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மைப்படுத்தும் முறைக்கு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வித்திட்டவர். 1914-இல் ஆர்டன், லாக்கெட் ஆகிய இருவரும் அங்கே அதை வெளியிட்டனர். இன்று உலகின் பெருநகரங்களில் கழிவுநீர் பெரும்பாலும் அம்முறையில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. அதன் மூலவர்களில் ஒருவர் பெங்களூரில் பணியாற்றினார் என்பது அவ்வூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத பெருமை.

ஹெசரகட்டாவை நம்பியிருந்த காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1920-களில் மழை குன்றி ஏரி வறண்டது. புது ஆதாரம் தேடும் பணியில் விஸ்வேஸ்வரய்யாவின் பங்கு பெரிது. அர்க்காவதியும் குமுதவதியும் கூடும் திப்பகொண்டனஹள்ளியில் 1933-இல் சாமராஜசாகர் நீர்த்தேக்கம் அமைந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு நகரில் பொதுத்துறை ஆலைகள் பெருகின. நாற்பது ஆண்டுக்குள் அந்த நீரும் போதவில்லை.

1964-இல் பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியத்துக்கான சட்டம் வந்தது. 1974-இல் காவிரி நீர் முதன்முதலாக நகரை எட்டியது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டங்களாகப் பம்பு செய்து, சுமார் 500 மீட்டர் மேலே ஏற்ற வேண்டிய நீர் அது. முதற்கட்டத்தில் நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர் வந்தது. பின்னர் 1982, 1993, 2002, 2012 ஆகிய ஆண்டுகளில் அளவு கூடிக்கொண்டே போனது. 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட ஐந்தாம் கட்டம் 77.5 கோடி லிட்டருக்கானது.

இந்த உயரத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஆயிரம் லிட்டர் நீரை 500 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லாத பம்பு இருந்தாலும் 1.36 யூனிட் மின்சாரம் செலவாகும். உண்மையான பம்புகளுக்கு அது இரண்டு யூனிட்டை ஒட்டி வரும். ஒரு மேல்நிலைத் தொட்டி நிரம்பி ஐயாயிரம் லிட்டர் மொட்டைமாடியில் வழிந்தால், அதோடு பத்து யூனிட் மின்சாரமும் வழிந்துபோகிறது. அதே நேரத்தில் நகரின் வேறோர் ஓரத்தில் லாரித் தண்ணீருக்கு ஒரு குடும்பம் காத்திருக்கும். தொட்டி மட்டத்தை அளப்பது இங்கே ஆடம்பரம் ஆகாது.

நகரம் இதுவரை நம்பியிருந்த அளவுகோல் மீட்டர். குழாய்க்குள் ஓடும் நீரை அளக்கும் ஆசை ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் வலுத்தது. 1832-இல் மைக்கேல் ஃபாரடே, ஓடும் நீர் புவியின் காந்தப்புலத்தைக் கடக்கும்போது மின்னழுத்தம் பிறக்க வேண்டும் என்று கருதி, லண்டனின் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் தகடுகளை இறக்கிப் பார்த்தார். அவரிடம் இருந்த கருவிகள் அந்தச் சிறு அழுத்தத்தைத் தெளிவாகக் காட்டப் போதவில்லை. கருத்து சரியாகவே இருந்தது. இன்றைய மின்காந்த ஓட்டமானிகள் அதே விதியில்தான் இயங்குகின்றன. வீட்டுக் குழாயில் பொருந்தும் சுழற்சி மீட்டர்கள் அந்நூற்றாண்டின் நடுவில் விற்பனைக்கு வந்தன. இந்திய நகரங்கள் பலவற்றில் மீட்டர் இல்லாத இணைப்புகளே மிகுதி. பெங்களூர் மிகப் பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் பொருத்திய நகரம். ஆனால் மீட்டர் மாதம் ஒருமுறை பேசுகிறது. எவ்வளவு போயிற்று என்று சொல்லும். எங்கே, எப்போது போயிற்று என்று சொல்லாது. கசிவு தொடங்கிய நாளுக்கும் அது கட்டணச் சீட்டில் தெரியும் நாளுக்கும் இடையே பல வாரங்கள் கழிந்துவிடும்.

அளவை உடனுக்குடன் தொலைவுக்கு அனுப்பும் நுட்பம் பல்கலைக்கழக வளாகங்களில்தான் பெரும்பாலும் வளர்ந்தது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹா வலையமைப்பு தீவுகளுக்கிடையே வானலையில் கணினித் தரவை அனுப்பியது. பல கருவிகள் ஒரே அலைவரிசையைப் பகிர்வது எப்படி என்ற கேள்விக்கு அது தந்த விடையின் சாயல் இன்றைய உணரி வலையமைப்புகளிலும் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு குளிர்பான எந்திரத்தைக் கணினியோடு இணைத்தார்கள். எந்திரத்தின் எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, அது குளிர்ந்துவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ள அவர்கள் விரும்பினர். நடந்து போய்ப் பார்க்காமலே நிரம்பியிருக்கிறதா, காலியா என்று அறிவதுதான் அதன் நோக்கம். ஏரிக்கும் தொட்டிக்கும் உரிய கேள்வியும் அதுவே. பொருள்களின் இணையம் என்று இன்று வழங்கும் தொடரின் ஆங்கில வடிவத்தை 1999-இல் தொழில்நுட்பவியலாளர் கெவின் ஆஷ்டன் பயன்படுத்தினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சில்லுகளின் விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கியதால், தொட்டிக்கு ஓர் உணரி என்பது நடைமுறையாயிற்று.

இந்திய அறிவியல் கழகத்தில் இணைய உலகையும் பொருள் உலகையும் சேர்த்து ஆராயும் ராபர்ட் பாஷ் மையம் 2011-இல் தொடங்கியது. அதன் பின் வந்த ஆண்டுகளில் கணினி, மின்னணு, குடிசார் பொறியியல் துறையினர் ஒன்றுகூடி வளாகத்தின் நீர் வழங்கலையே ஆய்வுக் களமாக்கினர். அவர்கள் வகுத்த மென்பொருள் அமைப்பை 2018-இல் கட்டுரையாக வெளியிட்டனர். அதற்கு வளாகம் பொருத்தமான இடம். நகரக் குழாயின் நீர் உள்ளே வந்து முதலில் தரைமட்டத் தொட்டிகளில் சேர்கிறது. அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றப்பட்டு, பின்னர் விடுதி, குடியிருப்பு, ஆய்வகம் என்று பிரிகிறது. ஆழ்துளைக் கிணறுகளும் உண்டு. இவை அனைத்துக்கும் ஒரே உரிமையாளர் என்பதுதான் முக்கியம். நகரத் தெருவில் குழாய் வாரியத்துடையது, தொட்டி வீட்டுக்காரருடையது, லாரி தனியாருடையது. மூன்றின் கணக்கும் ஒன்றுசேர்வதே இல்லை. வளாகத்தில் உள்ளே வந்த நீரையும் பயன்பட்ட நீரையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கலாம். மிஞ்சும் வேறுபாடு, கசிவு அல்லது கணக்கில் வராத பயன்பாடு.

தொட்டியில் பொருத்துவது பெரும்பாலும் மீயொலி உணரி. மூடியின் அடியிலிருந்து அது ஓர் ஒலித்துடிப்பை அனுப்பும். நீர்ப்பரப்பில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை எண்ணும். நீர் இரண்டு மீட்டர் கீழே இருந்தால் எதிரொலி வர 12 மில்லிநொடி பிடிக்கும். இந்த எளிய வேலையிலேயே பெங்களூர் வெயில் குறுக்கிடும். 20 பாகை வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலி, மொட்டைமாடித் தொட்டிக்குள் காற்று 40 பாகைக்குச் சூடானால் 355 மீட்டர் செல்லும். வெப்பத்தையும் அளந்து திருத்தாவிட்டால் இரண்டு மீட்டரில் ஏழு சென்டிமீட்டர் பிழை சேரும். பெரிய தொட்டியில் ஏழு சென்டிமீட்டர் என்பது சில ஆயிரம் லிட்டர். மூடியின் உட்புறம் நீராவி துளியாய்ப் படிந்தாலும், ஏணியோ உட்குழாயோ ஒலியின் வழியில் நின்றாலும் பொய்யான எதிரொலி வரும். ஆகவே ஒவ்வோர் அளவையும் அதற்கு முந்தைய அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தொட்டி பாதி காலியானது என்று உணரி சொன்னால், பழுது தொட்டியில் இருப்பதைவிட உணரியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அளந்ததை அனுப்புவதும் எளிதல்ல. பல தொட்டிகளுக்கு மின் இணைப்பு இருக்காது. மின்கலமோ சிறு சூரியத் தகடோதான் துணை. வளாகம் மரங்கள் அடர்ந்தது. வைஃபையின் உயர் அலைவரிசையை இலையும் சுவரும் விரைவில் விழுங்கிவிடும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. இதுபோன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தடைகளை ஊடுருவி நெடுந்தூரம் செல்லும், மின்சாரமும் குறைவாகவே பிடிக்கும். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்கு என்று கைமாறி, சேர்க்கும் கருவியை எட்டி, அங்கிருந்து இணையத்துக்குத் தரவு போகிறது. அங்கே எண்கள் நிலப்படத்தில் குழாய்களோடு பொருத்தப்படுகின்றன. குழாய் வலையமைப்பில் அழுத்தமும் ஓட்டமும் எப்படி இருக்கவேண்டும் என்று கணிக்கும் மென்பொருள்கள் 1990-கள் முதலே உண்டு. கணிப்பும் அளவும் விலகும் இடத்தில் ஏதோ தவறு இருக்கிறது என்று பொருள். குடியிருப்போர் நீரின் தரத்தைப் பற்றிக் கைபேசிச் செயலி வழியே தகவல் தரவும் வழி செய்யப்பட்டது. மனிதக் கண்ணையும் மூக்கையும் உணரிகளின் வரிசையில் சேர்த்தது நல்ல முடிவு. கலங்கலையும் வாடையையும் இவ்வளவு மலிவாக அறியும் கருவி வேறில்லை.

வழங்கலில் பழைய குறைகள் எளியவை, நாள்தோறும் நடப்பவை. பம்பு இயக்குபவர் மணி பார்த்துப் போடுவார், மணி பார்த்து நிறுத்துவார். தொட்டி அதற்குள் நிரம்பி வழியலாம், நிரம்பாமலும் போகலாம். விடுமுறையில் விடுதி காலியாக இருக்கும்போதும் பம்பு அதே நேரம் ஓடும். மட்டம் தெரிந்தால் தேவைப்படும்போது மட்டும் ஏற்றலாம். கசிவைக் கண்டுபிடிக்க உதவுவது நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே யாரும் குளிப்பதில்லை, சமைப்பதில்லை. அப்போதும் குழாயில் சீராக நீர் ஓடினால் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகிறது. இரவு ஓட்டத்தை இப்படி மண்டலம் மண்டலமாகப் பார்க்கும் பழக்கம் 1980-களில் பிரிட்டனில் பரவியது. சில வேதியியல் ஆய்வகங்களும் கணினி மையங்களின் குளிரூட்டிகளும் இரவிலும் நீர் இழுக்கும் என்பதால், ஆய்வு வளாகத்தில் இந்தக் கணக்கைச் சற்றுத் திருத்தித்தான் படிக்க வேண்டும்.

உணரி சொல்வதை யார் நிறைவேற்றுவது என்பது அடுத்த கேள்வி. நகரத்தில் அது வால்வுமேன் கையில் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி நீர் என்பதை நீண்ட சாவியால் வால்வைத் திருகித் தீர்மானிப்பவர் அவர். நீரகண்டியின் நகர வாரிசு என்று அவரைச் சொல்லலாம். ஹூப்ளியிலும் பின்னர் பெங்களூரிலும் நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம், வால்வுமேன்கள் தொலைபேசியில் தரும் தகவலைக் கொண்டு நீர் வரும் நேரத்தைக் குறுஞ்செய்தியில் மக்களுக்குச் சொல்ல முயன்றது. பெங்களூரில் அதை ஆராய்ந்தவர்கள், வால்வுமேன்களிடமிருந்து தகவல் ஒழுங்காக வந்துசேராதது பெருந்தடை என்று கண்டார்கள். ஏற்கெனவே சுமை நிறைந்த ஒரு வேலையின்மேல் இன்னொரு வேலையை ஏற்றியதன் விளைவு அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வளாகத்தில் பம்பு இயக்குபவரும் உணரி வைத்தவரும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருப்பதால், எண் கிடைத்தால் அதற்கேற்பச் செயல் நடக்க வழி பெரிது.

வளாகம் நகருக்குத் தந்தது உணரி மட்டுமல்ல. அறிவியல் கழக வளாகத்தில் இயங்கும் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மழைநீர்ச் சேகரிப்பைப் பல்லாண்டு பரப்பியது. 2009-இல் பெங்களூரில் 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது.

2024 கோடையில் நகரம் கடும் பற்றாக்குறையைச் சந்தித்தது. அரசின் கணக்கிலிருந்த சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ பாதி வற்றின. மார்ச் மாதத்தில் குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவுவதற்கும் தோட்டத்துக்கு விடுவதற்கும் வாரியம் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீர் போதிய அளவு அளக்கப்படவில்லை என்பது அப்போது வெளிச்சமாயிற்று. ஏரியின் வற்றலைக் கரையில் நின்று பார்க்கலாம். 300 மீட்டர் ஆழத்தில் பாறை வெடிப்புக்குள் நீர் இறங்குவதைப் பார்க்க முடியாது. அதன் பிறகு வாரியம் கிணறுகளில் மட்டம் அறியும் உணரிகளைப் பொருத்தும் பணியைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில், கோடைக்கு முன்பே, அறிவியல் கழக ஆய்வாளர்களின் நிலத்தடி நீர்க் கணிப்பைக் கொண்டு, எந்தெந்தப் பகுதிகளில் மட்டம் இறங்கும் என்று வாரியம் அறிவித்தது. ஆழ்துளைக் கிணற்றை மட்டுமே நம்பியிருக்கும் பகுதியினர் காவிரி இணைப்புக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையும் அதோடு வந்தது.